வெள்ளிக்கிழமைத் தாள்கள்

என் அம்மாவுக்கு,

நீங்கள் வெங்காயம் உரித்த அதே குசினி மேசையில் இருந்து மதி எழுதுகிறேன்.

இன்று காலை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் "கண்ணாடிப் பெட்டி" என்று சொல்வீர்களே, எங்கள் அலுவலகத்துக் கொம்பியூட்டர், அதைத்தான் சொல்கிறேன். ரேடியோ திருத்துகிற ஒருவர் வந்து, சைக்கிள் கரியரில் வைத்து, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். உள்ளே இருக்கிற செப்புக் கம்பி மட்டும்தான் அவருக்கு வேண்டுமாம். மற்றதெல்லாம் குப்பை என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. தூக்கும்போது அதன் முதுகுப் பக்கத்தில் இருந்து பல்லி முட்டைத் தோடும் கரப்பான் எச்சமும் மேசையில் கொட்டின. துடைக்கக்கூட மனம் வரவில்லை. இந்தச் சாமானுக்கு முன்னால்தான் நான் கைகட்டி இருந்தேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கரண்ட் இன்னும் வரவில்லை. மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்து, பிறகு வந்த காற்றில் பாதியைக் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மூட்டு வலியோடு வெங்காயம் நட்டிருக்கிறா. தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடிதத்தின் கடைசி வரைக்கும் அதைத் தேடி வாசிக்க வேண்டாம்.

எழுதக் கடுதாசி கிடைப்பது பெரிய பாடு. அதனால் அந்தக் கொம்பியூட்டரில் அச்சடித்த பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இரண்டு கரையிலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் கடுதாசி. முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

இதை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள் அம்மா. எழுதி முடித்ததும் ஒரு பத்திரிகைக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். உங்களோடு எங்கள் அலுவலகத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாமாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்வேன். கோவிக்க வேண்டாம்.

தம்பி கரன் பத்தொன்பது வயதில் பாஸ்போட் எடுக்கவென்று கொழும்புக்குப் பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் போய்ச் சேரவில்லை. வழியில் தானாக இறங்கினானா, இறக்கப்பட்டானா, ஒருவருக்கும் தெரியாது. அவன் காணாமற் போன அதே வருடம், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் நடந்த அலுவலகம் ஒன்றில் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். காணாமற் போனவர்களின் விபரங்களைப் பதிந்து வைக்கிற இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் மட்டை பைல். உள்ளே பெற்றாரின் வாக்குமூலம், ஒரு படம், அங்கும் இங்கும் எழுதிய கடிதங்களின் பிரதி. எல்லாவற்றையும் துளை போட்டு ஒரு பச்சை நூலால் கோத்திருப்போம். அப்படி மூன்று அலுமாரி நிறைய இருந்தன.

வெள்ளிக்கிழமைப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தது, மகனைத் தேடி வருகிற குருநகர் மேரி அக்கா என்றுதான் நினைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, கொப்பித் தாள் ஒன்றை நீட்டினா.

"தங்கச்சி, மூத்தவளுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. அவனுக்குத் தெரியோணுமெல்லே. உதை அவன்ரை பைலிலை போட்டுவிடும்."

அதை எப்படி மறுப்பது? போட்டேன். அடுத்த கிழமை இன்னும் மூன்று பேர். பிறகு வெள்ளிக்கிழமை என்றால் வாங்கு நிறைய அம்மாமார். பைலை வாங்கி மடியில் வைத்து, படத்தைப் பார்த்து, கொண்டுவந்த தாளைத் தாங்களே கோத்து, தாங்களே முடிச்சுப் போட்டுத் தருவார்கள். எனக்கு அந்த முடிச்சுப் போடக் கொடுக்கமாட்டார்கள். நீங்களும் சண்டிலிப்பாயில் இருந்து பஸ் ஏறி வந்து அந்த வரிசையில் இருந்தீர்கள். வீட்டில் என்னிடமே தந்துவிட்டிருக்கலாம். ஒரு நாளும் தரவில்லை. நானும் அலுவலகத்தில் உங்களை "அம்மா" என்று கூப்பிடவில்லை. "அடுத்த ஆள் வாங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு என்று தனிச் சலுகை இல்லை என்று காட்டுவதில் எனக்கு அவ்வளவு அக்கறை.

உண்மையைச் சொன்னால், அந்தத் தாள்கள் எனக்குப் பைத்தியக்கார வேலையாகத்தான் தெரிந்தன. அலுவலக பைலில் மாடு கன்று போட்ட கதை எதற்கு? உங்களுடைய தாள்களை நான் வாசித்ததே இல்லை. ஒரே ஒரு முறை, கோக்கும்போது கண்ணில் பட்டது: "இண்டைக்கு உன்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைச்சன்." எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. என் சைக்கிள் களவு போய், தம்பியின் சைக்கிளைத் தாருங்கள் என்று கேட்டதற்கு "அது அவன்ரை" என்று மறுத்திருந்தீர்கள். நான் சந்திவரை நடந்து, ஆட்களின் கரியரில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓடாத சைக்கிளுக்குக் கிழமைக்கு ஒரு தரம் காற்று.

கொம்பியூட்டர் வந்தது தம்பி போய் நாலாம் வருடம். வெளிநாட்டு உதவியில் வந்தது. கூடவே யோகராசா என்ற ஆலோசகரும் வந்தார். கொழும்பில் படித்தவர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனை வைத்திருந்தார், ஒன்றாலும் எழுதி நான் காணவில்லை. முதல் நாளே அலுமாரியைத் திறந்து ஒரு பைலை இழுத்து, ஒரு தாளை இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் தூக்கினார்.

"உதென்ன தங்கச்சி, வெண்டி காய்ச்சுக் குலுங்குது எண்டு கிடக்கு? உது தகவலோ?"

நான் சிரித்தேன் அம்மா. அவருக்கு நல்லபிள்ளையாக இருக்கச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அந்தக் கொம்பியூட்டர் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது தெரியுமா? பெயர், வயது, முகவரி, திகதி, இடம். அதற்குக் கீழே "குறிப்பு" என்று ஒரு பெட்டி. அதில் ஆங்கிலத்தில் அறுபது எழுத்து. அறுபத்தோராவது எழுத்தைத் தட்டினால் "கீ" என்று கத்தும். மேரி அக்காவின் வாக்குமூலம் மூன்று பக்கம். மகன் கடைசியாகச் சாப்பிட்ட மீனில் இருந்து அவன் கதவைச் சாத்தின சத்தம் வரைக்கும் அதில் இருந்தது. நான் அதை "சைக்கிளில் போனார், நீலச் சட்டை, திரும்பவில்லை" என்கிற அளவுக்கு வெட்டி உள்ளே தள்ளினேன். அது கத்தவில்லை. இப்படி நாளுக்கு எத்தனையோ பேரை அறுபது எழுத்துக்குள் மடித்தேன். எனக்கு அதில் பெருமை வேறு.

பொய் சொல்லக்கூடாது, ஒரு பெயரைக் கேட்டால் கண் மூடித் திறக்கும் முன் காட்டியது. அலுமாரியில் ஏறி இறங்கித் தும்முவது நின்றது. அந்தச் சொகுசுக்குத்தான் நான் விழுந்தேன்.

இனிச் சொல்லப்போவதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் கொம்பியூட்டரைப் போட்டதும், இரண்டு வருடமாகப் புதிய தகவல் எதுவும் சேராத பெயர்களை அது தானாக வரிசைப்படுத்திக் காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கேட்கும், மூடவா, வேண்டாமா என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். மூடு என்றால் ஒரு தட்டு, அடுத்த பெயர் வந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தாள்கள் தகவல் இல்லையென்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. இரண்டாவது திங்கட்கிழமை தம்பியின் பெயர் வந்தது.

யோகராசா பின்னால் நின்றார். அது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரியும். என் கை கொஞ்சம் நின்றது. காரணம் என்ன எழுதுவது? "என் அம்மா கிழமைக்கு ஒரு தரம் அவனுடைய சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறா" என்றா? எங்கள் வீட்டுக்குச் சலுகை இல்லை என்று காட்ட வேண்டும் என்ற அந்தப் பெருமை என் தலையில் ஏறி நின்றது. மூடு என்று தட்டினேன். அவனுடைய வரி மேலே இருந்து கீழே போய், கடைசியில், மூடியாயிற்று என்பதற்கு அடையாளமாக, பிறை போன்ற ஆங்கில "சி" எழுத்து ஒன்று விழுந்தது. அப்போது தேத்தண்ணி வந்தது. நான் வாங்கிக் குடித்தேன்.

அடுத்தது கடுதாசிகள். கடுதாசி என்றால் கறையான் தின்னும், கொம்பியூட்டருக்குக் கறையான் இல்லை என்று யோகராசா ஒரு பிரசங்கமே வைத்தார். எல்லாம் பிளொப்பித் தட்டுகளில் ஏறிவிட்டது, இனி இவை ஏன் இடத்தை அடைக்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் அலுவலகச் செயலாளரும் தலையாட்டினார். படங்களை மட்டும் கழற்றி ஒரு பிஸ்கட் பேணியில் போட்டோம். பின்பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு பழைய கடுதாசி எடுக்கிறவர் தராசோடு வந்தார். நல்ல வெள்ளைக் கடுதாசி, கடைகளில் கடலை கட்டிக் கொடுக்கச் சரை சுற்ற உதவும் என்றார். கட்டுகளைக் கட்டிக் கொடுத்தவள் நான்தான். அம்மாமார் முடிச்சுப் போட்ட அந்தப் பச்சை நூல்களை அவிழ்த்து, அவற்றாலேயே கட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். உங்களைக் கதிரையில் இருத்தி, கொம்பியூட்டர்க் கண்ணாடியைக் காட்டினேன். மூடிய பெயர்களின் பக்கத்தில் தம்பியின் வரி நின்றது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்தீர்கள்.

"உவ்வளவுதானோ?"

"இது சுருக்கம் அம்மா. மிச்சமெல்லாம் உள்ளுக்கு இருக்கு."

"நான் எழுதினதுகளும்?"

"ஓம்."

"கடைசியிலை பிறை மாதிரி ஒண்டு நிக்குது. அது என்ன பிள்ளை?"

"அது எங்கடை ஊருக்குப் போடுற எழுத்து."

நீங்கள் "ம்" என்று சொல்லிவிட்டு, மேலும் கீழும் இருந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கையில் கொண்டுவந்த தாளைத் தந்தீர்கள். தட்டி ஏற்றிவிட்டு வைக்கிறேன் என்றேன். யோகராசா காணாமல் மேசை லாச்சியின் அடியில் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு நீங்கள் தந்த எல்லாத் தாளும் அந்த லாச்சிக்குள்தான் போயின. மற்ற அம்மாமார் மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். கண்ணாடியில் நூல் கோக்க இடமில்லையே. நீங்கள் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

அடுத்து சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் ஒரேயடியாகப் போனது. யோகராசா பிளொப்பிகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். அவருடைய பத்திரம் ஒரு பிளாஸ்ரிக் டப்பா.

நீங்கள் அப்போதும் வந்தீர்கள். தாளை நீட்டினீர்கள். நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? செத்துக் கிடந்த அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கட்டைகளை டக் டக் என்று தட்டினேன். கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது. அதில் உங்கள் முகமும் என் முகமும்தான் தெரிந்தன.

"கரண்ட் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை உள்ளுக்குப் போகும்?"

"அது நினைவு வைச்சிருக்கும் அம்மா. கரண்ட் வந்தாப்போலை ஏத்தும்."

தலையை ஆட்டிவிட்டுப் போனீர்கள். பெற்ற தாயை இப்படி ஏய்க்கிற ஒருத்தியை வேறு எங்காவது கேள்விப்பட்டிருந்தால் நான் என்ன சொல்லித் திட்டியிருப்பேன்?

அந்த வருடக் கடைசியில், காணாமற் போனவர்களைப் பற்றி விசாரிக்க வெளியில் இருந்து இரண்டு பேர் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொருவருடைய முழு விபரமும் கேட்பார்களாம். செயலாளர் ஓடித்திரிந்து, கலியாண வீடுகளில் படம் காட்டுகிற ஒருவரிடம் ஜெனரேற்றர் பிடித்தார். எண்ணெய் இல்லை. அம்மாமாருக்குச் சொல்லி அனுப்பினோம். வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஆளுக்கு ஒரு போத்தலாகக் கொண்டு வந்தார்கள். சிலரிடம் மருந்துப் போத்தல் அளவுதான் இருந்தது. நீங்களும் எங்கள் வீட்டுப் போத்தலைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

காலை பத்து மணி இருக்கும். ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு இழுக்க, ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது. முற்றம் முழுக்கப் புகை. கண்ணாடியில் வெளிச்சம் வந்ததும் எல்லாரும் வாங்கில் இருந்து எழும்பிவிட்டார்கள். மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. நான் டப்பாவைத் திறந்தேன். பிளொப்பிகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கறையான் தின்னாத சாமானைப் பூஞ்சணம் தின்றிருந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டேன். கரகரவென்று அரைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே ஆங்கில வரியைக் காட்டியது.

"என்னவாம்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"வாசிக்கேலாதாம்."

கடைசிப் பிளொப்பிக்கும் அதே பதில் வந்தபோது எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. ஒருவரும் என்னை ஏசவில்லை. மேரி அக்கா ஆறுதலாகச் சொன்னா: "சரி, அது போகட்டும். எங்கடை கடுதாசியளை எடும் தங்கச்சி. அதிலை எல்லாம் கிடக்குத்தானே."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அதுகளைக் குடுத்திட்டம் அக்கா."

"ஆருக்கு?"

"கடைக்கு. சரை சுத்த."

எல்லாரும் வெறும் போத்தல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மேரி அக்கா மட்டும் பிஸ்கட் பேணியைக் கேட்டு வாங்கி, படங்களுக்குள் கிண்டித் தன் மகனை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டா. நீங்கள் வாங்கின் மூலையில் இருந்தீர்கள். நான்கு வருடத்துத் தாள் உங்களுடையது. நீங்கள் ஏசுவீர்கள் என்று வீடு வரும்வரைக்கும் காத்திருந்தேன். மத்தியானம் சோறு போட்டுவிட்டு, "சொதிக்கு உப்புக் காணுமோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

கடுதாசி எடுத்தவரைத் தேடிப் பிடித்தேன். கட்டுகளில் பெரும்பங்கு தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலடிக் கச்சான் கடைகளுக்குப் போய்விட்டது என்றார். இரவல் சைக்கிளில் போனேன். ஒவ்வொரு கச்சான்காரியிடமும் ஒரு சரை வறுத்த கடலை வாங்கி, விரித்துப் பார்த்து, அடுத்த கடைக்குப் போவேன். ஒரு மனிசி பொறுக்க மாட்டாமல் கேட்டா: "பிள்ளை, நீர் கச்சான் வாங்க வந்தனீரோ, கடுதாசி வாங்க வந்தனீரோ?"

"கடுதாசிதான் அம்மா."

"அப்ப நேரத்தோடை வந்திருக்கலாமே. அதெல்லாம் போன திருவிழாவோடை முடிஞ்சுது. நல்ல கடுதாசி, எண்ணெய் ஊறாது."

எண்ணெய் ஊறாத நல்ல கடுதாசி. அவ மேல் ஒரு பிழையும் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த மிச்சத்தைக் கிண்டித் தந்தா. மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று மேரி அக்காவுடையது, பேத்தி பிறந்த செய்தி. உங்களுடையது ஒன்றும் இல்லை. அன்று தின்ற கச்சானுக்குப் பிறகு, இன்றைக்கும் கச்சான் வறுக்கிற மணம் வந்தால் எனக்கு ஓங்காளம் வருகிறது.

மேரி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடிப்புகளை நீவி விட்டுக்கொண்டு, "உங்கடை அம்மான்ரை கிடைச்சுதோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். "பாவம், மனிசி" என்றா. என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. அது சரிதான்.

அதற்குப் பிறகும் ஏன் அம்மா நீங்கள் எனக்குத் தாள் தந்துகொண்டிருந்தீர்கள்? உங்கள் எழுத்தைக் கடைக்குப் போட்டவள் என்று தெரிந்த பிறகும், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்களே. நான் வாங்கி லாச்சிக்குள் போட்டேன். வாசிக்கப் பயம். ஒவ்வொரு தாளும் எனக்கு எதிரான வழக்குப் போலத் தெரிந்தது. பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது, மருந்து தேடி அலைந்தோம், ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். லாச்சி பூட்டியபடியே கிடந்தது.

இன்று பெட்டியைத் தூக்கினதோடு மேசையையும் காலி பண்ணச் சொன்னார் செயலாளர். வேறு வழியில்லாமல் திறந்தேன். கட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இந்தக் குசினியில் இருந்து முதலில் இருந்து வாசித்தேன். கண்ணாடியை உங்களுக்குக் காட்டினேனே, அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைத் தாள் இது:

"கரன் ராசா, போன வெள்ளி அக்கா உன்னைக் கண்ணாடியிலை காட்டினவள். உன்ரை பேருக்குக் கடைசியிலை ஒரு பிறை நிக்குது. அது எங்கடை ஊர் எழுத்தாம். குருநகர் மேரிக்கும் அதே பிறைதான் நிக்குது. குருநகரும் சண்டிலிப்பாயும் ஒரு ஊரோ? பிறை விழுந்த ஆக்களை ஆரும் விசாரணைக்குக் கூப்பிடுகினமில்லை எண்டு வாங்கிலை கதைச்சவை. உன்னை மூடிப்போட்டினம் ராசா. அக்காவுக்குச் சொல்ல வாய் வரேல்லை. நான் கேக்க மாட்டன்."

அப்படியென்றால் செத்துப்போன கொம்பியூட்டருக்கு முன்னால் நான் தட்டிக் காட்டியபோதும் உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு வந்தபோதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் தலையாட்டினீர்கள்.

ஜெனரேற்றர் நின்ற கிழமைக்கு அடுத்த தாள் சின்னது:

"ராசா, அக்காவோடை கோவிக்காதை. கடைக்குப் போட்டதெண்டால் போகட்டும், அதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்ப தாறதுகளை அவள் எறியேல்லை, லாச்சிக்குள்ளை வைக்கிறாள், நான் கண்டனான். ஒரு நாள் திறப்பாள். உன்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருக்கிறன். இனி அக்கா அதை எடுத்து ஓடட்டும். சந்தி மட்டும் நடந்து அவளின்ரை காலெல்லாம் வெடிச்சுப்போச்சு. நேரை சொன்னால் வேண்டாம் எண்டுவாள். இதை வாசிச்சால் எடுப்பாள்."

வாசிக்கவில்லையே அம்மா. மூன்று வருடத்துக்கு மேலாக நான் நடந்துகொண்டிருந்தேன். சைக்கிள் வீட்டோரச் சாய்ப்புக்குள் நின்றது. எனக்குத் தந்த தாளை எனக்கு முன்னால் இருந்த லாச்சியில் நானே பூட்டி வைத்திருந்தேன். அதற்கு எந்த யோகராசாவும் தேவைப்படவில்லை. கொம்பியூட்டர் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பில் கொஞ்சம் குறையட்டும் என்றால் குறையவில்லை. என் மேல் இருப்பதுதான் கூடிக்கொண்டு போகிறது.

சாய்ப்புக்குள் போய்ப் பார்த்தேன். ரயர் இரண்டும் காற்றில்லாமல் நிலத்தோடு ஒட்டியிருந்தன. பம்பை எடுத்து அடித்தேன். பின் சில்லில் காற்று நிற்கிறது. முன் சில்லில் எங்கோ ஒழுக்கு, சந்தியில் கொடுத்து ஒட்ட வேண்டும்.

இப்போது இந்தக் கடுதாசியின் முன்பக்கத்துக்கு வருகிறேன். அது மூடிய பெயர்களின் பட்டியல். யோகராசா போகுமுன் அச்சடித்தது. ஒன்பதாவது வரியில் கரன். பேனையை எடுத்து அந்தப் பிறையை வெட்டினேன். பக்கத்தில், தமிழில், "மூடவில்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். பிறகு பட்டியலில் இருந்த மற்றப் பிறைகளையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அறுபது எழுத்துக்கு மேல் போய்விட்டது என்று ஒன்றும் கத்தவில்லை.

ஒரு மஞ்சள் மட்டை தேடி எடுத்து, உங்கள் தாள்களைத் துளை போட்டுக் கோத்திருக்கிறேன். பத்திரிகைக்காரர் பார்த்து எழுதியதும் இந்தக் கடிதத்தையும் திரும்ப வாங்கி அதில் சேர்ப்பேன். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பிக்கு ஒரு தாள் எழுதுவேன். மரத்தில் காய் பிடித்ததையும், அன்ரியின் மூட்டையும், எல்லாவற்றையும் எழுதுவேன். முன் சில்லு ஒட்டினதும் அவனுடைய சைக்கிளில் குருநகருக்கும் மற்ற அம்மாமாரின் வீடுகளுக்கும் போய், அவர்கள் திரும்பச் சொல்லச் சொல்ல எழுதி எடுப்பேன். எத்தனை பக்கம் வந்தாலும் எழுதுவேன். முடிச்சை அவர்களே போடட்டும்.

உங்கள் பைலில் மட்டும் முடிச்சுப் போட ஆள் இல்லை. நானே போட்டிருக்கிறேன். கரன் வந்தால் அவிழ்க்கத் தக்கதாக, இறுக்காமல்.

உங்கள் மூத்தவள்,
கரனின் அக்கா,
மதி